பெங்களூரு முறைக் கம்போஸ்ட்டும் செம்மண் நிலங்களும்

பெங்களூருவைச் சுற்றிலும் உள்ள செம்மண் நிலங்கள் கண்ணுக்கு இனியவை. ஆனால் பயிருக்கு அத்துணை வளமளிப்பவை அல்ல. கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இப்பீடபூமியில், மிகப் பழைய பாறைகள் பன்னெடுங்காலமாகச் சிதைந்ததால் உண்டான மண் இது. நெடுங்காலம் மழைநீர் ஊடுருவிச் சென்றமையால் சுண்ணாம்பு, மக்னீசியம் முதலிய காரப்பொருள்கள் பெரும்பாலும் கரைந்து கீழே போய்விட்டன. கரையாது நின்ற இரும்பு ஆக்சைடே மண்ணுக்குச் செந்நிறத்தை அளிக்கிறது. இம்மண்ணில் உள்ள களிப்பொருள் பெரும்பாலும் கயோலினைட் என்னும் வகையைச் சேர்ந்தது. பயிரின் உணவுப் பொருள்களைப் பற்றி வைத்துக்கொள்ளும் ஆற்றல் இவ்வகைக்கு மிகவும் குறைவு. கரிசல் நிலத்தில் இட்ட உரம் அதன் களியோடு ஒட்டி நிற்கும். செம்மண்ணில் இட்ட உரமோ ஒரு பெருமழைக்குப் பின் வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடக்கூடும்.

இம்மண்ணுக்கு மற்றொரு குறையும் உண்டு. மழைத்துளி வேகமாக விழும்போது மேல்மண்ணின் சிறு கட்டிகள் உடைந்து குழம்பாகின்றன. அடுத்த வெயிலில் அக்குழம்பு ஓடுபோல் இறுகிவிடுகிறது. கேழ்வரகின் முளை மிகவும் நுண்ணியது. அந்த ஓட்டைப் பிளந்து வெளிவர அதனால் இயலாது. அன்றியும், ஓடு கட்டிய நிலத்தில் விழும் மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே வழிந்தோடி, உள்ள மேல்மண்ணையும் வாரிச் செல்கிறது. இவ்வட்டாரத்தில் மழை முற்றிலும் பொய்ப்பது அரிது. பெய்த மழை நிலத்தில் தங்காமற்போவதே பெரும்பாலும் நேரும் இழப்பு.

இவ்விரு குறைகளுக்கும் பொதுவான மருந்தாக அமைவது ஹ்யூமஸ் எனப்படும் மட்கு. இலை, தழை, சாணம் முதலியவை நுண்ணுயிர்களால் சிதைவுற்றபின் எஞ்சும் இக்கரும்பொருள், ஒரே எடை கயோலினைட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக ஊட்டப் பொருள்களைப் பற்றி வைக்க வல்லது. மண் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து, நீரில் எளிதில் கரையாத சிறு மணிகளாகத் திரட்டுவதும் இதுவே. ஆனால் வெப்ப நாடுகளில் மட்கு விரைந்து எரிந்துவிடும் பொருள். நிலத்தை உழும்போதெல்லாம் காற்று உட்புக, நுண்ணுயிர்கள் அதனை உண்டு கரியமில வாயுவாக வெளியேற்றுகின்றன. கேழ்வரகுத் தாள் மாட்டுக்குத் தீவனமாகிறது; மாட்டின் சாணம் பல வீடுகளில் வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது. நிலத்திற்குத் திரும்பி வருவது மிகச் சொற்பம்.

இந்நிலையில் இரசாயன உரம் மட்டும் போதுமா என்னும் கேள்வி எழுவது இயல்பே. இதற்கு வாதத்தால் அல்லாமல் வயலாலேயே விடை காணும் முயற்சி பெங்களூருவில் நெடுங்காலமாக நடந்து வந்துள்ளது. 1964-இல் நிறுவப்பட்ட வேளாண்மை விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தின் காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திர வளாகத்தில், மானாவாரிக் கேழ்வரகில் நெடுங்கால உரப் பரிசோதனை ஒன்று 1978-இல் தொடங்கியது. கேழ்வரகும் மக்காச்சோளமும் மாறி மாறிப் பயிராகும் மற்றொரு நெடுங்காலப் பரிசோதனை 1986-இல் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் அதே பாத்திக்கு அதே உரம். உரமே இடாத பாத்தியும் ஒன்று. கோயமுத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனையை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. இத்தகைய சோதனையின் பயனை அறிய இரண்டு மூன்று ஆண்டுகள் போதா. மண் மெதுவாகவே பேசும்.

இப்பாத்திகள் தெரிவித்த செய்தி தெளிவானது. தழைச்சத்து உரத்தை மட்டும் தொடர்ந்து பெற்ற பாத்தியில் மண்ணின் புளிப்புத்தன்மை ஏறிக்கொண்டே போயிற்று, விளைச்சல் வீழ்ந்தது. யூரியாவும் அம்மோனியா உரங்களும் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் தோன்றுகிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த செம்மண்ணில் அந்த அமிலத்தை ஏற்றுச் சமன்செய்யும் பொருள் இல்லை. புளிப்பு மிகுந்தால் அலுமினியம் கரைந்து வேரைத் தாக்குகிறது. தழை, மணி, சாம்பல் என மூன்று சத்துக்களையும் பெற்ற பாத்தி இதைவிட மேலானது. எனினும் அதுவும் காலப்போக்கில் தளர்ந்தது. மூன்று சத்துக்களோடு ஆண்டுதோறும் தொழு உரமும் பெற்ற பாத்திகளே விளைச்சலை நிலைநிறுத்தின. மானாவாரிப் பரிசோதனையில் இடப்பட்ட தொழு உரம் எக்டேருக்கு 10 டன். அதாவது ஏக்கருக்கு 4 டன்.

அங்கக உரம் ஒன்றே போதும் என்பார்க்கும், இரசாயன உரம் ஒன்றே போதும் என்பார்க்கும் இச்சோதனைகள் துணை நிற்பதில்லை. உர உத்தரவின்படி நகரக் கம்போஸ்ட்டில் நைட்ரஜன் குறைந்தது 0.8 சதவிகிதம் இருக்க வேண்டும். அக்கணக்கில் 10 டன் எருவில் உள்ள நைட்ரஜன் சுமார் 80 கிலோ. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவிகிதமாதலால், அதே 80 கிலோவை ஏறத்தாழ 174 கிலோ யூரியாவிலிருந்து பெற்றுவிடலாம். ஓர் உழவர் இரு சக்கர வண்டியில் இரண்டு நடையில் கொண்டுவந்து சேர்க்கக்கூடிய சுமை அது. மேலும் எருவில் உள்ள நைட்ரஜனில் ஒரு பகுதியே முதலாண்டில் பயிருக்குக் கிட்டும். சத்துக் கணக்கை மட்டும் பார்ப்பவர் கம்போஸ்ட்டை வாங்கமாட்டார். அவரைக் குறைகூறவும் முடியாது. எருவின் மதிப்பு மூட்டையின்மேல் அச்சிட்ட சத்து விகிதத்தில் இல்லை என்பதைக் களப்பணியாளர் முதலில் தாமே தெளிந்துகொள்ள வேண்டும். இட்ட யூரியா மண்ணில் தங்குவதற்கும், பெய்த மழை உள்ளிறங்குவதற்கும், விதைத்த விதை முளைப்பதற்கும் எரு உதவுகிறது. பெங்களூருப் பாத்திகள் பல ஆண்டுகளாகக் காட்டி வந்தது இதனையே.

அவ்வளவு எருவுக்கு எங்கே போவது? மாடுகள் குறைந்துவரும் ஊர்களில் ஏக்கருக்கு 4 டன் தொழு உரம் என்பது எளிதன்று. இக்கேள்விக்கு ஒரு விடை, வியப்புக்குரிய வகையில், இதே பெங்களூருவில் 1930-களிலேயே உருவாயிற்று.

பெங்களூரு முறை தோன்றிய வரலாறு

நகரக் கழிவை நிலத்திற்கு உணவாக்கும் எண்ணம் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குப் பழையது. கழிவு நீரில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைக்கொண்டு தூய்மையாக்கும் முறை 1914-இல் மான்செஸ்டரில் வெளிப்பட்டது. அதற்குத் தூண்டுகோலாயிருந்த கில்பர்ட் ஃபவுலர் 1916-இல் இக்கழகத்திற்கு வந்து பணியாற்றினார். கழிவில் உள்ள நைட்ரஜன் வீணாகாமல் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய நோக்கம். இதே காலத்தில் மத்திய இந்தியாவின் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவார்டும் யஷ்வந்த் வாட் என்பவரும் பண்ணைக் கழிவுகளை அடுக்கி, குறித்த நாள்களில் கிளறி எருவாக்கும் முறையை வகுத்து, 1931-இல் நூலாக வெளியிட்டனர். அதுவே இந்தூர் முறை எனப் பெயர்பெற்றது.

இந்தூர் முறை பண்ணைக்கு ஏற்றது. நகராட்சிக்கு அத்துணை ஏற்றதன்று. குவியலைப் பலமுறை கிளற ஆள் வேண்டும். அவ்வப்போது நீர் தெளிக்க வேண்டும். கிளறுந்தோறும் நைட்ரஜனில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. நகரக் குப்பையோடு மனிதக் கழிவும் சேர்ந்த குவியலைக் கிளறுவதோ எவருக்கும் உவப்பான காரியமன்று, ஈக்களும் பெருகும். எனவே, கிளறாமலே மக்கச் செய்ய வழி உண்டா என்னும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் சி. என். ஆச்சார்யா. நெல் வைக்கோல் காற்றில்லாத நிலையில் எவ்வாறு சிதைகிறது என்பதை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ந்து 1935-இல் வெளியிட்டவர் அவர். ஆகையால் இக்கேள்விக்கு மிகவும் தகுதியுடையவர். வி. சுப்பிரமணியனுடன் சேர்ந்து 1939-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, வெப்ப நொதிப்பு முறை என வழங்கியது. பின்னர் அதற்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

முறை எளியது. நகர எல்லைக்கு வெளியே, குறைந்தது 800 மீட்டர் தள்ளி, மேடான இடத்தில் பள்ளங்கள் தோண்டப்படும். ஆழம் 90 சென்டிமீட்டருக்கு மிகாது. அகலம் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர். நீளம் இடத்திற்கேற்ப நாலரை முதல் பத்து மீட்டர். அடியில் 15 சென்டிமீட்டர் கனத்திற்குக் குப்பை, அதன்மேல் 5 சென்டிமீட்டர் கனத்திற்கு மலக்கழிவு, மீண்டும் குப்பை என அடுக்கிக்கொண்டே வந்து, தரைமட்டத்திற்குமேல் 30 சென்டிமீட்டர் உயர்ந்ததும் நிறுத்த வேண்டும். கடைசி அடுக்கு குப்பையாகவே இருக்க வேண்டும். அதன் கனம் 25 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. பின் தோண்டிய மண்ணையே மேலே பரப்பி மூடிவிட வேண்டும். சரியாக அடுக்கிய குழியின்மேல் ஓர் ஆள் நடந்தால் கால் புதையாது. மேற்பார்வையாளருக்கு இதுவே கைகண்ட சோதனை.

முதல் சில நாள்களில் அடுக்குகளுக்கிடையே சிக்கிய காற்றைக்கொண்டு நுண்ணுயிர்கள் மும்முரமாக வேலை செய்கின்றன. ஒரு வாரத்திற்குள் குழியின் உஷ்ணம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி, இரண்டு மூன்று வாரங்கள் நீடிக்கிறது. நோய்க்கிருமிகளும் குடற்புழுக்களின் முட்டைகளும் மடிவது இக்காலத்தில்தான். காற்று தீர்ந்தபின் காற்றில்லா நுண்ணுயிர்கள் பொறுப்பேற்று, மெதுவாக வேலையைத் தொடர்கின்றன. நான்கு முதல் ஆறு மாதங்களில், சில இடங்களில் எட்டு மாதங்களில், நாற்றமற்ற கரிய எரு கிடைக்கிறது. கிளறுதல் இல்லை, நீர் தெளித்தல் இல்லை, மண் மூடியிருப்பதால் நைட்ரஜன் இழப்பும் குறைவு. காலம் சற்று நீள்வதே இம்முறையின் விலை.

உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கம் நடைபெற்ற 1940-களில் இம்முறை நாட்டின் பல நகராட்சிகளுக்குப் பரவியது. இன்றும் பொதுச் சுகாதாரப் பாடநூல்களில் பெங்களூரு முறை என்ற தலைப்பில் இது இடம்பெறுகிறது.

ஆனால் இம்முறையின் வரலாற்றைக் கூறுவோர் பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. அந்த 5 சென்டிமீட்டர் அடுக்கு குழிக்குத் தானாக வந்து சேரவில்லை. எடுப்புக் கழிவறைகளிலிருந்து வாளியிலும் கூடையிலும் மனிதக் கழிவைச் சுமந்து வந்தவர்கள், பிறப்பால் அத்தொழிலில் பிணிக்கப்பட்டிருந்த மக்கள். எருவின் நைட்ரஜன் அளவு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நுட்பமாகக் குறிக்கப்பட்டது. அம்மக்களின் நிலை குறிக்கப்படவில்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் விரிவான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடைசெய்தன. ஆகையால் பழைய நூலில் உள்ளபடியே இம்முறையை இன்று எவரும் பின்பற்ற இயலாது, பின்பற்றவும் கூடாது. எஞ்சுவது அதன் விஞ்ஞானத் தத்துவம்: ஈரமும் நைட்ரஜனும் மிகுந்த பொருளையும், உலர்ந்து கரி மிகுந்த பொருளையும் மாறி மாறி அடுக்கி மூடிவைத்தல். பெங்களூருவுக்கு வடக்கேயுள்ள தேவனஹள்ளியில் 2015-இல் அமைந்த கழிப்பிடத் தொட்டிக் கசடு சுத்திகரிப்பு நிலையம், லாரியில் உறிஞ்சிக் கொணர்ந்த கசடை உலர்த்தி, நகரக் குப்பையோடு சேர்த்து எருவாக்கும் வழியை மேற்கொண்டது. பழைய தத்துவம் மனிதக் கை படாமல் மறுபிறப்பு எடுத்தது எனலாம்.

குப்பை மாறிய கதை

ஆச்சார்யாவின் காலத்து நகரக் குப்பையில் காய்கறித் தோல், இலை, சாம்பல், சாணம், தெருமண் ஆகியவையே பெரும்பகுதி. பாலிதீன் பை இல்லை, பாட்டரி இல்லை, குழல்விளக்கு இல்லை. குழியில் போட்டதில் பெரும்பகுதி மக்கியது. பிற்காலத்தில் குப்பையின் தன்மை மாறியபோது, முறை மாறாமல் இருந்தால் போதுமென்று பலரும் எண்ணினர். கர்நாடக கம்போஸ்ட் வளர்ச்சிக் கழகம் 1975-இல் நிறுவப்பட்டதும் பெங்களூருவிலேதான். எனினும் நகரம் வளர்ந்த வேகத்திற்கு எருவாக்கும் பணி ஈடுகொடுக்கவில்லை. பிரிக்காத குப்பை லாரி லாரியாகக் கிராமங்களுக்குச் சென்றது. மாவள்ளிபுரம், மண்டூர் ஆகிய ஊர்களின் பெயர்கள் செய்தித்தாள்களில் அடிபட்டன. ஊரார் போராட்டத்தின் விளைவாக மாவள்ளிபுரத்தில் குப்பை கொட்டுவது 2012-இலும், மண்டூரில் 2014 இறுதியிலும் நிறுத்தப்பட்டது. கம்போஸ்ட் முறைக்குத் தன் பெயரை ஈந்த நகரம், தன்னைச் சுற்றிய கிராமங்களின் மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும் நிலைக்கு வந்தது. கழிவு உழவருக்கு எருவாகச் சென்றிருக்க வேண்டிய அதே சாலைகளில் அது நஞ்சாகச் சென்றது.

குப்பையைத் தோன்றும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 2012-இல் பணித்தது; 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதனை நாடு முழுவதற்கும் கடமையாக்கின. இக்கட்டளையை நகரச் சுகாதாரத்தோடு மட்டும் சேர்த்து எண்ணுவோர் பலர். மண் விஞ்ஞானம் இதனை வேறு கண்ணால் காண்கிறது. போபால் இந்திய மண் விஞ்ஞான நிலையத்தார் 29 நகரங்களின் கம்போஸ்ட்டை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, பிரித்தெடுத்த மக்கும் குப்பையிலிருந்து செய்த எருவில் அங்ககப் பொருளும் சத்துக்களும் கூடுதல். ஈயம், காட்மியம் முதலிய கன உலோகங்கள் குறைவு. கலப்புக் குப்பையைப் பின்னர் சலித்தாலும் துருவினாலும் இந்த வேற்றுமை மறையாது. கண்ணாடித் துண்டைச் சல்லடை நிறுத்தும். பாட்டரியிலிருந்து கசிந்து எருவின் ஈரத்தோடு கலந்த ஈயத்தை எந்தச் சல்லடை நிறுத்தும்? மண்ணில் சேர்ந்த ஈயம் ஓர் ஆண்டிலோ பத்து ஆண்டிலோ வெளியேறுவதில்லை. நகரக் கம்போஸ்ட்டில் ஒரு கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமும் காட்மியம் 5 மில்லிகிராமும் மிகலாகாது என உர உத்தரவு வரையறுத்தது இதனால்தான்.

நகரக் கம்போஸ்ட்டுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை வளர்ச்சி உதவி அளிப்பதாக மைய அரசு 2016-இல் அறிவித்தது. விலைக் குறைவு உழவரை ஒருமுறை வாங்கச் செய்யும். காலில் கண்ணாடி குத்திய உழவர் மறுமுறை வாங்கமாட்டார். சந்தையைக் கெடுப்பது விலையைவிடத் தரமே என்பதை விரிவாக்கப் பணியாளர் அறிவர்.

நகர எருவை எதிர்நோக்காமல் ஊரிலேயே எருவாக்க விரும்புவோர்க்கு மற்றொரு வழியும் பெங்களூருவிலிருந்தே கிடைத்தது. வேளாண்மை விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தின் ராதா டி. காளே, ஆப்பிரிக்க மண்புழு இனமொன்றைக்கொண்டு கழிவுகளை எருவாக்கும் ஆராய்ச்சியில் முன்னோடியாக விளங்கினார். மண்புழு எரு நயமானது. தோட்டப்பயிருக்கும் நாற்றங்காலுக்கும் ஏற்றது. ஏக்கருக்கு 4 டன் என்னும் கணக்கில் மானாவாரி நிலத்திற்கு அதனை வாங்கி இடுவது சிறு குடியானவருக்குக் கட்டுப்படியாகாது. அங்கே பெங்களூரு முறைக் குழியே பொருத்தம். மனிதக் கழிவுக்குப் பதிலாகச் சாணக் கரைசலைப் பயன்படுத்தினால் போதும். துவரைத் தட்டு, சருகு, களைச்செடி, தீவனக் கழிவு ஆகியவற்றை ஒரு சாண் கனம் பரப்பி, சாணக் கரைசலை நன்கு நனையத் தெளித்து, அடுத்த அடுக்கை இட வேண்டும். விதை பிடித்த களைகளைத் தவிர்ப்பது நலம். சாணக் குழியில் உஷ்ணம் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஏறும் என்று சொல்வதற்கில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் மூடிய குழி, அடுத்த கோடை உழவுக்கு ஆயத்தமாகிவிடும்.

மக்காத எருவை அவசரப்பட்டு வயலில் இடுவதால் நேரும் தீங்கைப் பணியாளர் எடுத்துக்கூற வேண்டும். வைக்கோலில் கரியின் அளவு நைட்ரஜனைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு. நன்கு மக்கிய எருவில் 20 மடங்குக்கும் குறைவு. மக்காத பொருள் மண்ணில் புகுந்தால், அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன, பயிர் மஞ்சளிக்கிறது. உழவர் எருவின்மேல் பழி சொல்வார்.

மண்ணின் கட்டமைப்பைப் பள்ளி மாணவர்க்கு விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. எருவிட்ட நிலத்திலிருந்தோ மரத்தடியிலிருந்தோ ஒரு மண்கட்டியும், பல்லாண்டு எருவே காணாத நிலத்திலிருந்து ஒரு மண்கட்டியும் எடுத்து நிழலில் உலர்த்தி, இரு கண்ணாடிக் குவளை நீரில் ஒரே நேரத்தில் மெதுவாக இட வேண்டும். எரு காணாத கட்டி சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்து நீரைக் கலக்கும். மற்றது பெரும்பாலும் தன் வடிவத்தோடு நிற்கும். முதல் மழையில் வயலில் நிகழ்வதையே மாணவர் குவளையில் காண்கின்றனர்.

எரு மக்கிவிட்டதா என்பதற்கும் எளிய சோதனைகள் உள்ளன. ஒரு கைப்பிடி எருவை நனைத்து, பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் மண்வாசனையே வர வேண்டும். துர்நாற்றம் வருமாயின் சிதைவு முடியவில்லை என்று பொருள். இரண்டாவதாக, ஒரு தட்டில் எருவும் மண்ணும் சமமாகக் கலந்தும், மற்றொரு தட்டில் மண்ணை மட்டும் இட்டும், இரண்டிலும் 50 கீரை விதைகளை விதைத்து ஒரே அளவாக நீர் தெளித்து வர வேண்டும். எருத் தட்டில் முளைத்தவை மண் தட்டைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தாலோ, நாற்றுகள் வெளிறி நின்றாலோ, அந்தக் குழியை மீண்டும் மண்ணிட்டு மூடி, ஒரு மாதம் கழித்து இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.